தமிழ் தலைவாஸ்: நம் பெயரைச் சுமக்கும் அணி

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் பாபநாசம் வட்டாரத்தில் கபடிக்குக் கோடு போட்டுவிடுவார்கள். சடுகுடு என்று பாட்டன்மார் ஆடியதை நாம் கபடி என்கிறோம். மண் அதே மண்தான். இந்தப் பொங்கல் போட்டியின் மலரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தொழில்முறை அணியின் வரலாற்றை ஏன் எழுத வேண்டும்? நம் களத்தில் பாடிப் போகும் ஒவ்வொரு பையனின் கண்ணிலும் இன்று அந்த அணியின் சட்டை இருக்கிறது. அவன் அதன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ப்ரோ கபடி லீக் 2014 ஜூலை 26 அன்று எட்டு அணிகளோடு தொடங்கியது. அந்த எட்டில் தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசனைத் தந்த மாநிலத்துக்கு இல்லை. அணிதான் இல்லையே தவிர, தமிழர்கள் இருந்தார்கள். முதல் கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணிக்குப் பயிற்சி தந்தவர் காசிநாதன் பாஸ்கரன். நம் தஞ்சை மாவட்டத்துத் திருச்சென்னம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா பைரேட்ஸுக்குத் தலைமை ஏற்றுக் கோப்பையைத் தூக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் இந்தியா உலகக் கோப்பை வென்றபோது அணியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. இருபதைத் தாண்டியதும் முட்டி வலி என்று ஒதுங்கும் பிள்ளைகள் இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

2017இல் லீக் பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோதுதான் தமிழ் தலைவாஸ் பிறந்தது. உரிமையாளர்கள் பெரும்பாலும் ஹைதராபாத்காரர்கள்: தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத், அல்லு அரவிந்த், ராம் சரண், அல்லு அர்ஜுன், கூடவே சச்சின் டெண்டுல்கர். விளம்பர முகமாகக் கமல்ஹாசன் வந்தார். தலைவர் இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். உலகக் கோப்பை இறுதியில் ஈரானிடமிருந்து ஆட்டத்தைப் பறித்தவர். பயிற்சியாளராக அதே காசிநாதன் பாஸ்கரன் அமர்ந்தார். ஜூலை 28 அன்று ஹைதராபாத்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே தெலுங்கு டைட்டன்ஸிடம் 27க்கு 32 என்று தோல்வி. அந்தத் தொடரில் 22 ஆட்டங்களில் வென்றது ஆறே ஆறு. பிரிவில் கடைசி இடம். ஆனாலும் அஜய் தாக்கூர் ரெய்டில் மட்டும் இருநூறு புள்ளிகளுக்கு மேல் எடுத்தார். மறுபக்கம் சேலத்துப் பையன் கே. பிரபஞ்சன் துணைநின்றார். தமிழ்நாட்டு ரைடர் ஒருவர் தமிழ்ச் சட்டை போட்டு நூறு புள்ளி தாண்டியதைப் பார்த்த மகிழ்ச்சி, தோல்விகளைத் தாங்கிக்கொள்ள வைத்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெயர் பெற்றவர்களைச் சேர்த்தார்கள். 2018இல் மஞ்சித் சில்லர், ஜஸ்வீர் சிங். 2019இல் ராகுல் சௌத்ரி, மோகித் சில்லர். 2018 தொடரின் முதல் ஆட்டத்தில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் பாட்னாவை 42-26 என்று வீழ்த்தியபோது எல்லோரும் துள்ளினோம். அந்தத் துள்ளல் நீடிக்கவில்லை. 2018இல் மறுபடியும் பிரிவின் கடைசி, 2019இல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. நட்சத்திரங்களை ஏலத்தில் வாங்கிவிடலாம். பிடிக்கும்போது ஏழு பேரும் ஒன்றாகப் பாய்வதை வாங்க முடியாது. சங்கிலி போட்டுப் பழகிய எந்தக் கிராமத்து அணிக்கும் இது தெரியும்.

பெருந்தொற்றால் ஓராண்டு ஆட்டமே இல்லை. அடுத்த தொடர் பெங்களூருவில் ஒரே இடத்தில், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. அணி பதினோராவது இடத்தில் முடித்தது.

இனி 2022க்கு வருவோம். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ரைடர் பவன் செஹ்ராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை லீக் காணாத தொகை. அக்டோபர் 8 அன்று குஜராத்துடன் முதல் ஆட்டம். சில நிமிடங்களிலேயே பவன் முட்டியில் அடிபட்டு வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். அந்தத் தொடரில் அவர் திரும்பவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமன். அதன்பின் சில தோல்விகள். பயிற்சியாளரும் மாறி, அஷன் குமார் வந்தார். அதுவரை யாரும் கேள்விப்படாத நரேந்தர் என்ற ஹரியானா இளைஞர், முதல் தொடரிலேயே 243 ரெய்டு புள்ளிகள் குவித்தார். சாகர், சாஹில் குலியா, நம் மாநிலத்து எம். அபிஷேக் ஆகியோர் தற்காப்பைக் கட்டினார்கள். வெளியேற்றுச் சுற்றில் உ.பி. யோத்தாஸுடன் 36-36. அணிக்கு ஐந்து ரெய்டு என்ற டை-பிரேக்கரில் 6-4 என்று வென்று, வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே புனேயிடம் இரண்டே புள்ளியில், 37-39 என்று தோற்றார்கள். அணியின் மிகச் சிறந்த ஆண்டு இன்றுவரை அதுதான். அதைச் சாதித்தவர்கள் விலை உயர்ந்தவர்கள் அல்ல, பசி உள்ள இளைஞர்கள்.

அதற்குப் பின் அந்த உயரத்தை அணி எட்டவில்லை. 2024இல் ரைடர் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்தும் ஒன்பதாம் இடமே கிடைத்தது. அந்த ஆண்டின் நல்ல செய்தி, பயிற்சியாளர் உதயகுமாருடன் சேரலாதனும் பயிற்சிக் குழுவில் சேர்ந்தது. பல அணிகளுக்கு ஆடி முடித்த பிறகுதான் டெல்டாக்காரர் தமிழ் அணியின் கூடாரத்துக்குள் வந்தார். 2025இல் பவன் மீண்டும் தலைவராக வந்து தொடரின் நடுவே அணியிலிருந்து விலக்கப்பட, ரைடர் அர்ஜுன் தேஷ்வால் பாரத்தைச் சுமந்தார். அப்போதும் அடுத்த சுற்று வாய்க்கவில்லை.

ஓர் அணி ஊருக்கே சொந்தமாக இருக்கவும் முடியும். அமெரிக்காவில் ஃபுட்பால் என்று அழைக்கும் முட்டி மோதும் ஆட்டத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணி இருக்கிறது. கிரீன் பே சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் சிறு நகரம். 1919இல் ஓர் இறைச்சி நிறுவனம் சட்டைக்குப் பணம் கொடுக்க, உள்ளூர் இளைஞர்கள் தொடங்கிய அணி அது. பணமுடை வந்தபோது 1923இல் ஊர்க்காரர்களிடம் பங்கு விற்றார்கள். இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர்கள். யாருக்கும் லாபப் பங்கு கிடையாது. நியூயார்க், சிகாகோ அணிகளோடு மோதி பதின்மூன்று முறை பட்டம் வென்றிருக்கிறது.

தமிழ் தலைவாஸ் அப்படி ஊரின் உடைமையாக மாறாது. லீக்கின் அமைப்பு வேறு. ஆனால் அணிக்குள் ஊர் இருக்கலாம். 2019 ஆகஸ்டுக்குப் பின் 2023 டிசம்பர்வரை சென்னையில் அவர்கள் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சென்னைக்கு வெளியே, திருச்சியிலோ தஞ்சையிலோ ஒரு பயிற்சி முகாம், டெல்டாவின் பொங்கல் போட்டிகளுக்கு ஆள் தேடும் கண் ஒன்று: இதைக் கேட்கும் உரிமை நம் பெயரைச் சுமக்கும் அணியிடம் நமக்கு உண்டு.

நம் பங்கும் இருக்கிறது. மண்ணில் புலியாக இருப்பவன், தொழில்முறை ஆட்டம் நடக்கும் மேட் விரிப்பில் வழுக்குகிறான். அந்தக் கால்பிடிப்பு பழகினால்தான் வரும். வாசகர்களே, அடுத்த ஆண்டு பரிசுத் தொகையைக் கூட்டுவதற்கு முன், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு முழு அளவு மேட் வாங்கக் கை கொடுங்கள்.