சிறு கப்பல் 'ஸ்பீடி'

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்குக் கடற்போர் வரலாற்றிலும் சான்றுண்டு. 1782இல் கடலில் இறக்கப்பெற்ற ஆங்கிலேயரின் 'ஸ்பீடி' இரு பாய்மரங்களே உடைய சிறு போர்க்கப்பல். அதன் பதினான்கு பீரங்கிகளும் நான்கு இராத்தல் குண்டுகளையே எறிவன. 1800இல் காக்ரேன் பிரபு அதன் தலைவரானார். ஒரு பக்கத்துப் பீரங்கிகளின் குண்டுகள் அனைத்தையும் சட்டைப்பையில் இட்டு நடந்ததாக அவரே எழுதியுள்ளார்.

1801 மே 6இல், பார்சலோனாவுக்கு அருகே 'காமோ' என்னும் ஸ்பானியக் கப்பல் எதிர்ப்பட்டது. அதில் 32 பீரங்கிகள், 319 பேர். ஸ்பீடியிலோ 54 பேரே. காக்ரேன் பகைக்கப்பலை ஒட்டி நின்றார். உயரத்திலிருந்த அதன் பீரங்கிகள் சுட்ட குண்டுகள் தலைக்கு மேலே பறந்து வீணாயின. பின்னர், சுக்கான் பிடிக்க மருத்துவர் குத்ரியை நிறுத்திவிட்டு, ஏனையோர் பாய்ந்தேறி வென்றனர். எனினும் அவ்வாண்டு சூலையில் பிரெஞ்சுக்காரர் ஸ்பீடியைக் கைப்பற்றினர்.

காயமுற்ற துணைத்தலைவர் பார்க்கருக்குப் பதவியுயர்வு வேண்டினார் காக்ரேன். ஸ்பீடியில் மாண்டோர் தொகை சிறிதென்று கடற்படை அமைச்சர் செயிண்ட் வின்சென்ட் மறுத்தார். அவருக்குப் பிரபுப் பட்டம் ஈட்டித்தந்த 1797ஆம் ஆண்டுப் போரில் அவர் கப்பலில் மாண்டவர் ஒருவரே என்பதைக் காக்ரேன் சுட்டிக்காட்டினார்.

வெற்றியைப் பிணங்களின் எண்ணிக்கையால் அளப்பது முறையோ? தன்னவரைக் காத்து வென்றதன்றோ பெருந்திறன்! ஆசிரியர்கள் இவ்வினாவை மாணாக்கர்முன் வைத்தல் நன்று.