இடம் மாறிய இசைத்தட்டுகள்

பரணில் கிடந்த தகரப் பெட்டி ஒன்றைச் சென்ற மாதம் ஒழித்துக்கொண்டிருந்தபோது, 1991-ஆம் வருஷத்தில் நான் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகம் ஒன்று கைக்கு அகப்பட்டது. அதன் கடைசிப் பக்கத்தில், ராக், மெட்டல் ஆல்பங்களில் உலகத்திலேயே உத்தமமானவை என்று பத்துப் பெயர்கள், அப்பீலுக்கே இடம் வைக்காத தீர்ப்பைப்போலச் சிவப்பு மையில் வரிசையாக எழுதப்பட்டு, அடியில் இரட்டைக் கோடும் இழுக்கப்பட்டிருந்தது. முதல் ஸ்தானத்தில் இருந்தது மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. பிளாக் ஸாபத்தின் முதல் ஆல்பத்துக்கோ அந்தப் பத்தில் இடமே இல்லை. அதை நான் அப்போது கேட்டிருக்கக்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. இரவல் வாங்கிப் படித்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் அது மட்டமான சரக்கு என்று எழுதியிருந்ததை நம்பி, கேட்காமலே தள்ளுபடி செய்திருந்தேன். அந்தப் பட்டியலைத் திருத்தி எழுத உட்கார்ந்த இடத்தில், இப்படி ஆல்பங்களை வரிசை வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது, கீழே கிடந்தவை எப்படி மேலே ஏறின என்ற விசாரம் பிடித்துக்கொண்டது.

'ஆல்பம்' என்ற சொல்லில் ஒரு பழைய அட்டைப் புத்தகத்தின் ஞாபகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய அரக்குத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிஷ சங்கீதத்துக்குமேல் அடங்காது. ஆகையால் நீண்ட உருப்படிகளை விரும்பியவர்கள், போட்டோ ஒட்டும் ஆல்பத்தைப்போலத் தடித்த உறைகளைச் சேர்த்துப் பைண்டு செய்த புத்தகத்தில் நாலைந்து தட்டுகளாக வாங்கிப் போனார்கள். அத்தகைய தொகுப்புகளில் எது அதிகமாக விலைபோகிறது என்ற பட்டியலை அமெரிக்க வியாபாரப் பத்திரிகையான 'பில்போர்டு' 1945-இல் வெளியிடத் தொடங்கியது. கடைக்காரர் சரக்குப் பிடிப்பதற்காக ஏற்பட்ட கணக்கு அது, ரஸனைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனியார், 33⅓ சுற்று வேகத்தில் பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேலாக ஓடும் வினைல் தட்டை நியூயார்க்கில் அறிமுகப்படுத்திய பிறகு, புத்தகம் போய்த் தட்டு ஒன்றே மிஞ்சியது. பெயர் மட்டும் பழைய பெயராக நின்றுவிட்டது. நாற்பது நிமிஷ சங்கீதத்தை ஒரே சிருஷ்டியாகப் பாவித்து, இது மேல், அது கீழ் என்று வழக்காடுவதற்கு வேண்டிய ஆதாரமே இந்தத் தட்டுத்தான்.

விற்பனைக் கணக்கை விட்டுக் குணத்தை அளக்கும் கணக்கு, ராக் சங்கீதத்துக்கென்றே விமரிசகர்கள் தோன்றிய பிறகு வந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் 1967-இல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை ஆரம்பமாயிற்று. நியூயார்க்கில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் என்பவர், 1969 முதல், பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் விடைத்தாளில் எழுதுவதைப்போல ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஏ, பி, சி என்று மார்க்குப் போட ஆரம்பித்தார். அவரே 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் நடத்திய வருஷாந்தரக் கருத்துக் கணிப்பின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது: ஒவ்வொரு விமரிசகரும் பத்து ஆல்பங்களுக்கு நூறு புள்ளிகளைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும், எதற்கும் முப்பதுக்கு மேலும் ஐந்துக்குக் கீழும் கொடுக்கக் கூடாது. ஒன்றின்மேல் மோகங்கொண்டு முப்பதை அள்ளிக் கொடுத்தவர், மற்ற ஒன்பதின் வயிற்றில் அடிக்க வேண்டியதுதான். பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த தகப்பனாரின் சங்கடம் இதில் பூராவும் இருக்கிறது.

இந்தக் கணக்குகளிலெல்லாம் பல காலம் அசையாமல் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது பீட்டில்ஸின் 'ஸார்ஜண்ட் பெப்பர்ஸ்'. லண்டன் 'நியூ மியூஸிக்கல் எக்ஸ்பிரஸ்' 1974-இல் வெளியிட்ட பட்டியலிலும், பால் காம்பச்சீனி விமரிசகர்களைக் கேட்டு 1978-இல் தொகுத்த புத்தகத்திலும், 'ரோலிங் ஸ்டோன்' 1987-இல் செய்த வரிசையிலும் அதற்கே பட்டம். அந்த ஆல்பத்தின் உயர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்புச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அது வெளிவந்த 1967-இல் இருபது வயது வாலிபர்களாக இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தங்கள் யௌவனத்துக்குத் தாங்களே மாலை போட்டுக்கொண்டார்கள். மெட்டலைக் கேட்டு வளர்ந்த பையன்கள் அப்போது அந்தப் பந்தியில் உட்காரவில்லை.

அந்தப் பையன்களின் சங்கீதம் பிறந்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆஸ்டன் பகுதி. உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்த்த டோனி ஐயோமி என்ற பதினேழு வயதுப் பையன், முழுநேரமும் கிடார் வாசிக்கப் போவதென்று வேலையை விட்டு நிற்கத் தீர்மானித்து, கடைசி நாளன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், இனித் திரும்பிப் போவதில்லை என்றபோது, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று தாயார் திருப்பி அனுப்பினார். அன்றைக்குத்தான் வராத ஆளுக்குப் பதிலாக அவனை அழுத்து யந்திரத்தில் நிறுத்தினார்கள். யந்திரம் அவனுடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் கொண்டுபோயிற்று. இடக்கைப் பழக்கம் உள்ளவனாதலால், தந்தியை அழுத்த வேண்டியதும் அந்த வலக்கையே. மனமொடிந்து கிடந்தவனிடம் தொழிற்சாலை மேஸ்திரி, கிடார் வித்வான் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேட்கச் சொல்லி, தீ விபத்தில் இரண்டு விரல்களின் பயனை இழந்தவர் வாசித்த வாசிப்பு அது என்று பிறகே தெரிவித்தார்.

அதற்குப் பின் ஐயோமி செய்த காரியம் ஒரு சின்னக் கம்மியர் பட்டறை வேலை. பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, உருட்டி, சூடான பற்றுக்கோலால் விரல் நுழையும் அளவுக்குத் துளைத்து, தையற்காரன் அங்குஸ்தான்போல இரண்டு குப்பிகள் செய்துகொண்டு, மணற்காகிதத்தால் தேய்த்து, பிளாஸ்டிக் தந்திமேல் வழுக்கியதால் பழைய தோல்சட்டை ஒன்றிலிருந்து வெட்டிய துண்டை அவற்றின்மேல் ஒட்டினார். தடித்த தந்தியை அழுத்தினால் வலித்தது. மெல்லிய பாஞ்சோத் தந்திகளைக் கிடாருக்கு மாட்டினார். பிறகு 1971-இல் வந்த, தம்முடைய பிளாக் ஸாபத் குழுவின் மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில், நம்மவர் கணக்கில் மூன்று கட்டையில் நிற்க வேண்டிய தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, தளர்ந்த தந்தியில் கனத்த நாதத்தைப் பிடித்தார். இன்று உலகமெங்கும் மெட்டல் வாத்தியக்காரர் சுருதியை இறக்கிக்கொள்ளும் சம்பிரதாயத்துக்கு மூலம், நுனியில்லாத இரண்டு விரல்கள்.

ஐயோமி, கசாப்புக்கூடத்தில் வேலைபார்த்திருந்த ஆஸி ஆஸ்போர்ன், பாஸ் கிடார் வாசித்த கீஸர் பட்லர், டிரம்ஸ் அடித்த பில் வார்டு ஆகிய நால்வரும், 1969 அக்டோபர் 16-ஆம் தேதி லண்டன் ரீஜண்ட் ஸவுண்டு ஒலிப்பதிவு நிலையத்தில் நுழைந்து, மேடையில் வாசிப்பதைப்போலவே வாசித்து, ஒரே நாளில் பிளாக் ஸாபத்தின் முதல் ஆல்பத்தை முடித்தார்கள். ஆரம்பத்திலேயே ஐயோமியின் ஃபெண்டர் கிடார் பழுதாகிவிட, உபரியாகக் கொண்டுவந்த கிப்ஸன் எஸ்ஜியை எடுத்தார். பின்னால் அவர் பெயரோடு பிரிக்க முடியாமல் சேர்ந்துவிட்ட வாத்தியம் அப்படி வந்ததுதான். தொடக்கத்தில் கேட்கும் மழையும் கோயில் மணியும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை தட்டு வெளிவந்தது. பிரிட்டனில் விற்பனை வரிசையில் எட்டாம் இடம் வரை ஏறிற்று. அதே வருஷம் வந்த இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்டு' முதலிடத்துக்கே போயிற்று.

விமரிசகர்கள் என்ன சொன்னார்கள்? 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ், இது கிரீம் குழுவைப் பார்த்துச் செய்த மட்டமான நகல் என்ற தோரணையில் அந்த முதல் ஆல்பத்தை உதறித் தள்ளினார். முந்தின வருஷந்தான் அதே பத்திரிகையில் ஜான் மெண்டல்ஸோன், லெட் ஸெப்பலினின் முதல் ஆல்பத்தையும் இப்படியே கண்டித்திருந்தார். அவர்களைக் கெட்ட எண்ணக்காரர் என்று நான் கருதவில்லை. ப்ளூஸின் நுட்பத்தையும் பாட்டின் சொல்லழகையும் அளப்பதற்குச் செய்த படியைக் கொண்டு, அவை இரண்டையும் உத்தேசிக்காத ஒரு பேரோசையை அளந்தார்கள், படி நிறையவில்லை. இதில் மெச்சத்தக்கவர் பாங்ஸ்தான். இரண்டே வருஷத்தில், 1972-இல், 'க்ரீம்' என்ற பத்திரிகையில் பிளாக் ஸாபத்தைப் பரிவோடு ஆராய்ந்து நீண்ட கட்டுரை எழுதினார். தான் போட்ட மார்க்கைத் தானே அடித்து எழுதும் உபாத்தியாயரை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? நான் படித்த இரவல் புத்தகத்தை எழுதியவருக்கு அந்த இரண்டாவது கட்டுரை கிட்டவில்லை போலும்.

தீர்ப்பு மாறுவதற்குத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் மாற வேண்டியிருந்தது. 1981-இல் லண்டனில் 'கெராங்' என்ற பத்திரிகை மெட்டலுக்கென்றே தோன்றியது. காஸெட்டுகளைத் தபாலில் மாற்றிக்கொண்ட பையன்கள் வளர்ந்து பத்திரிகை ஆபீஸ்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெரிய சபைகள் மட்டும் லேசில் விழித்துக்கொள்ளவில்லை. 1989-இல் கிராமி விருதுக் குழுவினர் ஹார்டு ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதன்முதலாக ஒரு பரிசை ஏற்படுத்தியபோது, மெட்டாலிகா அதே மேடையில் வாசித்துவிட்டு நிற்க, பரிசைப் புல்லாங்குழலுக்குப் பேர்போன ஜெத்ரோ டல் குழுவுக்குக் கொடுத்தார்கள். ஜெத்ரோ டல்லின் இசைத்தட்டுக் கம்பெனியே, புல்லாங்குழலும் உலோகந்தானே என்ற பொருளில் கேலியாக விளம்பரம் போட்டது. 1992-இல் பரிசு வாங்க மேடையேறிய மெட்டாலிகாவின் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிக், அந்த வருஷம் ஆல்பம் வெளியிடாமல் இருந்ததற்காக ஜெத்ரோ டல்லுக்கு நன்றி சொன்னார்.

2003-இல் 'ரோலிங் ஸ்டோன்' இருநூற்றெழுபதுக்கு மேற்பட்டவர்களைக் கேட்டு ஐந்நூறு ஆல்பங்களுக்கு வரிசை வைத்தபோது, முன்பு ஏசப்பட்ட லெட் ஸெப்பலினின் முதல் ஆல்பத்துக்கு 29-ஆம் இடம் கிடைத்தது. 'பாரனாய்டு' 130, பிளாக் ஸாபத்தின் முதல் ஆல்பம் 241, மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' 167. 2017-இல் மெட்டலுக்கு மட்டும் தனியாக நூறு எண்ணியபோது, அதே பத்திரிகை 'பாரனாய்டு'க்கே முதற்பட்டம் கட்டியது. ஆனால் 2020-இல் புதிய வாக்காளர்களைக் கூட்டி ஐந்நூற்றையும் மறுபடி எண்ணியபோது, 'ஸார்ஜண்ட் பெப்பர்ஸ்' முதலிடத்திலிருந்து 24-க்கு இறங்கி, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' சிம்மாசனம் ஏறிற்று. ஸெப்பலின் 101-க்கும், ஸாபத்தின் முதல் ஆல்பம் 355-க்கும் சரிந்தன. மெட்டாலிகா மட்டும் 97-க்கு ஏறிற்று. 1986-இல் வந்த ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்களின் முறை வந்துவிட்டது என்பதற்குமேல் இதற்கு ஆழ்ந்த காரணம் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேட்கிறவர் மாறுவது ஒரு புறம் இருக்க, கேட்கப்படும் பொருளே மாறிவிடுவதும் உண்டு. ஸ்டூஜஸ் குழுவின் 'ரா பவர்' ஆல்பம் 1973-இல் டேவிட் போவியின் ஒலிக்கலவையில் வந்தது; 1997-இல் பாடகர் இக்கி பாப் அதைத் தாமே காது கிழியும்படி கலந்து வெளியிட்டார். பிளாக் ஸாபத்தின் முதல் ஆல்பத்திலேயே பிரிட்டிஷ் தட்டுக்கும் அமெரிக்கத் தட்டுக்கும் ஒரு பாட்டு வித்தியாசம். எனக்கு நேரான வழக்கு 'ஜஸ்டிஸ்'. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் மெட்டாலிகாவின் பாஸ் வாத்தியக்காரர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேஸன் நியூஸ்டெட் வாசித்த பாஸ், 1988-இல் வந்த அந்த ஆல்பத்தில் காதில் விழாத அளவுக்குத் தாழ்த்தப்பட்டது. கலந்த பொறியாளர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ஸன், தாம் அதை எதிர்த்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2018-இல் மறுபதிப்பு வந்தபோதும் குழுவினர் ஒலியைத் துலக்கினார்களே தவிர, பாஸை உயர்த்தவில்லை.

1991-இல் நான் கேட்டது நாலாவது கையாகப் பதிவுசெய்த காஸெட். நகலுக்கு நகல் கூடிய இரைச்சலில் எந்த ஆல்பத்திலுமே பாஸ் தெளிவாகக் கேட்காது. ஆகையால் இதில் இல்லாததை நான் இல்லாததாக உணரவில்லை. கிடாரின் உலர்ந்த வெட்டுக்களும் டிரம்ஸின் துல்லியமும் அந்தக் காஸெட்டிலும் பிழைத்து நின்றன, பட்டம் கட்டிவிட்டேன்.

இப்போது பென்ஸிலில் எழுதிய பட்டியலில் முதலிடம் பிளாக் ஸாபத்தின் முதல் ஆல்பத்துக்கு. 'பாரனாய்டு'தான் அதைவிடச் செம்மையானது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் அந்த ஒருநாள் வாசிப்பில் உள்ள பச்சை வாசனை அதில் இல்லை. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' இரண்டாவது. 'ஜஸ்டிஸ்' ஆறாவதா ஏழாவதா என்று தீராமல், நேற்று இரவு நல்ல ஒலிபெருக்கியில் அதை மறுபடி போட்டுவிட்டு, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நியூஸ்டெட்டின் விரல் எங்கேயாவது தட்டுப்படுகிறதா என்று ஒன்பது பாட்டும் முடியும்வரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டிரம்ஸின் உதைக்கு அடியில் இரண்டோர் இடத்தில் ஏதோ உறுமியதுபோல் இருந்தது. எழுந்துபோய் 'ஏழு' என்று எழுதினேன்.