மெலடோனின்: மாட்டு மூளையிலிருந்து மில் ஷிப்ட் வரை

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் காலை நேரத்தில் பஸ் ஏறிப் பாருங்கள். மில் பஸ்கள் எதிரும் புதிருமாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் தலை சீவி, பவுடர் பூசி, சாப்பாட்டுத் தூக்கோடு பகல் ஷிப்டுக்குப் போகிறவர்கள். இன்னொன்றில் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்குகிறவர்கள். இவர்கள் முழு நைட் முடித்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், பஸ்ஸில் அப்படிச் சொக்குகிற அதே ஆள் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்தால் தூக்கம் வராது. வந்தாலும் பதினோரு மணிக்கே முழிப்புத் தட்டிவிடும்.

"தூக்க மாத்திரை மாதிரிதான், ஆனா பழக்கம் ஆகாது" என்று இதற்கு யாராவது சிபாரிசு செய்கிற மாத்திரையின் பெயர்தான் மெலடோனின். இன்று ஊர் மெடிக்கல் ஷாப் வரைக்கும் வந்துவிட்ட பெயர். ஆனால் இதன் வரலாறு தெரிந்தால், இதைத் தூக்க மாத்திரை என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்பு என்பது புரியும்.

கதை தூக்கத்தில் ஆரம்பிக்கவே இல்லை, தோலில் ஆரம்பிக்கிறது. 1917-ல் மெக்கார்ட், ஆலன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மாட்டு மூளையில் இருக்கும் பீனியல் என்கிற சின்னச் சுரப்பியை அரைத்து அதன் சாற்றைத் தவளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். கறுப்பாக இருந்த தலைப்பிரட்டைகள் கண்ணாடி மாதிரி வெளுத்துப் போயின. அதோடு அந்த விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சுமார் நாற்பது வருஷம் கழித்து, யேல் பல்கலைக்கழகத்தில் தோல் டாக்டராக இருந்த ஆரோன் லெர்னர் அந்தப் பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கவலை வெண்புள்ளி நோய். தோலின் நிறத்தை மாற்றும் பொருள் பீனியலில் இருக்கிறது என்றால், அதைப் பிரித்தெடுத்தால் நோய்க்கு வழி பிறக்காதா என்று பார்த்தார்.

கசாப்புக் கூடங்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாட்டுப் பீனியல் சுரப்பிகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றும் ஒரு பயறு அளவுதான். வருஷக்கணக்கில் அரைத்து, வடித்து, கடைசியில் 1958-ல் லெர்னர் குழுவுக்குக் கிடைத்தது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. நிறம் தரும் மெலனினைச் சுருக்குவதால் 'மெல', செரடோனினிலிருந்து உருவாவதால் 'டோனின்'. இப்படித்தான் பெயர் வந்தது. மனிதத் தோலில் அது எதுவும் செய்யவில்லை. வெண்புள்ளி நோயாளிகளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நிறைய கொடுத்தபோது லேசாகத் தூக்கக் கலக்கம் வந்தது, அவ்வளவுதான்!

பீனியல் சுரப்பியே அதுவரை ஒரு புதிராகத்தான் இருந்தது. ஆத்மா குடியிருக்கும் இடம் இதுதான் என்று 17-ஆம் நூற்றாண்டில் டெகார்ட் எழுதி வைத்தார். நம்மூரில் சிலர் நெற்றிக்கண் என்பார்கள். இதில் சின்னதாக ஒரு உண்மையும் இருக்கிறது. வேலியில் தலையாட்டும் ஓணானின் உச்சந்தலையில், செதிலுக்கு நடுவே, வெளிச்சத்தை உணரும் ஒரு புள்ளி உண்டு. அது பீனியலின் சொந்தக்கார உறுப்பு. மனிதனுக்கு அந்த ஜன்னல் மூடிவிட்டது. மனிதனின் பீனியல் வெளிச்சத்தைக் கண் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. இருட்டினால் மெலடோனின் சுரக்கும், விடிந்தால் நிற்கும். அதாவது "இரவு வந்துவிட்டது" என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுகிற வேலை. தூங்கு என்று கட்டளை போடுகிற வேலை இல்லை. எலி, வௌவால் போன்ற ராத்திரிப் பிராணிகளுக்கும் மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. அவை அப்போதுதான் இரை தேடக் கிளம்புகின்றன என்பதை யோசித்துப் பாருங்கள்.

வௌவால் என்றதும் கதை திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

அதற்கு முன் ஒரு மரத்தைப் பார்த்துவிடலாம். பழைய ரோட்டோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் சாயங்காலம் ஆனதும் இலையை மூடிக்கொள்ளும். வெளிச்சம் போனதால் மூடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1729-ல் டி மேரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாற்சுருங்கி மாதிரியான ஒரு செடியை இருட்டிலேயே வைத்துப் பார்த்தார். சூரியனைப் பார்க்காமலேயே இலைகள் வேளை தவறாமல் திறந்து மூடின. செடிக்குள்ளேயே கடிகாரம்! இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கடிகாரத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்களில் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் இருந்த எர்வின் பியூனிங் முக்கியமானவர். அவரிடம் போய் வேலை பார்த்த இந்தியர் எம்.கே. சந்திரசேகரன். அவர் 1975-ல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். திண்டுக்கல் கல்லூரிகளில் படித்த எத்தனையோ பேரின் பட்டச் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகம்தான் அது. காமராஜர் பெயர் 1978-ல் சேர்ந்தது. திண்டுக்கல்லே 1985 வரை மதுரை மாவட்டம்தான்.

மதுரையில் பெரிய கருவிகள் இல்லை. குகைகள் இருந்தன, குகைகளில் வௌவால்கள் இருந்தன. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ஆகியோரும் செய்த சோதனை யாருக்கும் புரியும்படி எளிமையானது. வெளிச்சமே எட்டாத குகை ஆழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் அதன் கூட்டம் சுதந்திரமாக இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் கூட்டம் வெளியே பறக்கிறது, விடிவதற்குள் திரும்புகிறது. கூண்டில் இருப்பதற்கு வானம் தெரியாது, ஆனாலும் கூட்டத்தோடு சேர்ந்து அதே வேளையில் அதுவும் சிறகடித்தது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக 24 மணியிலிருந்து நழுவிப் போனது. கூட்டத்தைப் பார்த்தே ஒரு பிராணி மணியைச் சரிசெய்துகொள்ள முடியும் என்பதை 1978-லும் 1981-லும் ஜெர்மன் அறிவியல் இதழ்களில் வெளியிட்டார்கள்.

பிறகு வௌவாலிலிருந்து மனிதனுக்கு வந்தார்கள். பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு தனிமை அறை. கடிகாரம் கிடையாது, ரேடியோ கிடையாது, பேப்பர் கிடையாது, வெளிச்சம் வர ஜன்னலும் கிடையாது. ஜெர்மனியில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் ஆஷாஃப் நடத்திய பதுங்கு அறையின் வழியில் வந்தது இது. தன்னார்வலர்கள் உள்ளே நாள்கணக்கில் தங்கினார்கள், தோன்றியபோது தூங்கினார்கள், தோன்றியபோது எழுந்தார்கள். நேரத்தை மனசாலேயே கணக்கிட்டுச் சொல்லவும் வேண்டும். ஒருவர் விழித்திருக்கும் பொழுது நீள நீள, அவர் மனசில் ஒரு மணி நேரம் என்பதும் நீண்டுகொண்டே போனது. 1991-ல் வந்த முடிவு இது. அதே வருஷம் இன்னொரு முடிவும் வந்தது. அங்கே தங்கிய ஒரு பெண்ணின் தூக்க விழிப்புச் சுற்று 24 மணியை விட்டு விலகியபோதும் மாதவிலக்கு அதன் பின்னால் போகவில்லை. உடம்புக்குள் ஒரே ஒரு கடிகாரம்தான், எல்லாம் அதன் கீழ் என்ற எண்ணத்துக்கு அது நல்ல அடி.

இந்தப் பாதையும் லெர்னரின் பாதையும் எங்கே சந்தித்தன? 1980-ல் ஆல்ஃபிரட் லூவி குழு, 2500 லக்ஸ் வெளிச்சம் கொடுத்தால் மனிதனுக்கு நள்ளிரவிலும் மெலடோனின் அடங்கிப் போவதைக் காட்டியது. 1983-ல் ஆஸ்திரேலியாவில் ரெட்மனும் ஆம்ஸ்ட்ராங்கும் தினம் ஒரே வேளையில் மெலடோனின் ஊசி போட்டு, நழுவிக்கொண்டிருந்த எலிகளின் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். 1986-ல் இங்கிலாந்தில் ஜோசஃபின் ஆரெண்ட், சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லண்டன் பறந்த 17 பேரிடம் விமானப் பயண அலுப்புக்குச் சோதித்தார், பலன் தெரிந்தது. எல்லாவற்றிலும் மனசைத் தொடுவது 2000-ல் வந்த சோதனை. கொஞ்சமும் வெளிச்சம் உணர முடியாத பார்வையற்றவர்களில் பலருக்கு உடம்புக் கடிகாரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். சில வாரம் நல்ல தூக்கம், சில வாரம் ராத்திரி முழுக்க முழிப்பு, பகலில் மயக்கம். ராபர்ட் சாக் குழு அப்படிப்பட்ட ஏழு பேருக்குத் தினமும் படுக்கும் வேளையில் 10 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்தது. ஆறு பேரின் கடிகாரம் 24 மணிக்கு வந்து நின்றது. கண்ணுக்குக் கிடைக்காத இருட்டை மாத்திரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதுதான் மெலடோனினின் உண்மையான திறமை: மணி சொல்வது. அதனால் எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். சாயங்காலம் போட்டால் கடிகாரம் முன்னால் நகரும், காலையில் போட்டால் பின்னால் போகும். நேரம் மாற்றிப் போட்டால் கோளாறு கூடலாம். அளவிலும் கூட, 1994-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் வர்ட்மன் குழு பார்த்தபோது 0.1 முதல் 0.3 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது. கடையில் கிடைப்பதோ 3, 5, 10!

அந்த வருஷமே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. மெலடோனின் மருந்தாக இல்லாமல் ஊட்டச்சத்துப் பொருளாக, சீட்டு இல்லாமல் விற்பனைக்கு வந்தது. விளம்பரம் அதைத் தூக்க மாத்திரை ஆக்கியது. ஐரோப்பா 2007-ல் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 மில்லிகிராம் மெதுவாகக் கரையும் மாத்திரையாக, மருந்தென்றே அனுமதித்தது. தாராளமாக விற்றதன் லட்சணம் 2017-ல் கனடாவில் தெரிந்தது. கடையில் வாங்கிய 31 சரக்கைச் சோதித்தபோது, லேபிளில் போட்டிருந்ததைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் அதிகமாக இருந்ததும் உண்டு. சாதாரணத் தூக்கமின்மைக்கு என்ன பலன்? 2013-ல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், தூக்கம் பிடிக்கும் நேரம் சராசரியாக 7 நிமிஷம் குறைந்தது. ஏழே நிமிஷம்.

இனி மில் பஸ்ஸுக்குத் திரும்பலாம். தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்திருந்தது. 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது. உரிமை என்ற வகையில் சரியான தீர்ப்புதான். ஆனால் அதே காலத்தில்தான் திண்டுக்கல், கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலி திட்டம் என்ற பெயரில், மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்தால் மொத்தப் பணம் என்று சொல்லிக் கிராமத்துப் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஹாஸ்டலில் வைக்கும் வழக்கம் பரவியது. பகல், அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் சுற்றும். உடம்புக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். எட்டு மணி நேரம் தள்ளிப்போன ஷிப்டுக்கு அது பழகி முடிக்க ஒரு வாரம் வேண்டும். வாரா வாரம் மாறுகிற ஷிப்ட் என்றால், பழகி முடிக்கிற அன்றே அடுத்த ஷிப்ட் வந்துவிடும். இரவு வேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-ல் வகைப்படுத்தி, 2019-ல் மறுபடி உறுதி செய்ததும் சும்மா இல்லை.

இவர்களுக்கு மாத்திரை உதவுமா? ஷிப்ட் தொழிலாளர்களிடம் நடந்த சோதனைகளை 2014-ல் காக்ரேன் அமைப்பு திரட்டிப் பார்த்தது. நைட் ஷிப்ட் முடிந்து மெலடோனின் போட்டவர்கள் பகலில் சராசரியாக 24 நிமிஷம் கூடுதலாகத் தூங்கினார்கள். சீக்கிரம் தூக்கம் பிடித்ததா என்றால் இல்லை. சோதனைகளின் தரமும் சுமார்தான் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். காலை எட்டு மணி வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் லூவி பயன்படுத்திய 2500 லக்ஸைவிடப் பல மடங்கு. உள்ளே மாத்திரை "ராத்திரி" என்று சொல்லும்போது வெளியே சூரியன் "விடிந்தாச்சு" என்று கத்துகிறது. இதில் யார் ஜெயிப்பார்கள்?

ஹாஸ்டல் அறையில் அந்தச் சண்டை இன்னும் மோசம். முழு நைட் முடித்த நாலு பேர் முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிற நாலு பேர் ட்யூப் லைட்டைப் போட்டுத் தலை பின்னிக்கொண்டிருப்பார்கள்.