நித்தியகல்யாணி தந்த பாடம்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்திலே அமைந்த நல்லதண்ணியில், எம் மாணவி ஒருத்தியின் தாய் கொழுந்து பறிப்பவர். புற்றுநோய்க்காக மகரகம மருத்துவமனையிலே இருமுறை மருந்து ஏற்றிக்கொண்டார். தலைமயிர் உதிர்ந்தது, விரல் நுனிகள் மரத்தன. "கொழுந்தைத் தொட்டால் தொட்டதே தெரியவில்லைங்க, ஐயா. நோயைவிட மருந்துதான் பொல்லாதது. இனிப் போகமாட்டேன்" என்றார். அவருக்கு நான் கூறிய விடை ஒரு வரலாறு. அதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு, கடுகு வாயு என்னும் நச்சு போர்க்களத்தில் வீசப்பட்டது. அதனால் மாண்டவர்களை ஆராய்ந்தோர், அவர்தம் குருதியில் வெள்ளணுக்கள் அருகியிருந்ததை 1919இல் எழுதி வைத்தனர். பெருகும் அணுக்களை அழிக்கும் நஞ்சு, பெருகும் புற்றையும் அழிக்காதா? இவ்வினாவின் வழியே, 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், அந்நஞ்சின் உறவான மருந்தொன்று நோயாளி ஒருவருக்கு முதன்முறையாக ஏற்றப்பட்டது. கட்டி கரைந்தது, ஆயினும் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்தது.

அடுத்த கதை நாமறிந்த மலரைப் பற்றியது. நித்தியகல்யாணி என்றும் பட்டிப்பூ என்றும் நாம் வழங்கும் செடியின் இலைகள், 1952இல் ஜமேக்காவிலிருந்து கனடாவுக்குச் சென்றன. நீரிழிவுக்கு நல்லதெனச் சொல்லப்பட்ட அவ்விலைச் சாற்றை ரொபர்ட் நோபிள் என்னும் அறிஞர் எலிகளிடத்துச் சோதித்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்களே குறைந்தன. அந்தத் தீங்கையே அவர் பற்றிக்கொண்டார். அவரும் சார்ள்ஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தை உலகுக்கு அறிவித்தனர். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் குருதிப் புற்றுக்கு இன்றும் அது வழங்கப்படுகிறது. எனினும் அச்செடியை வீட்டில் கசாயமிட்டுக் குடித்தல் ஆபத்தாகும்.

ஆகவே, நேயர்களே, மருந்தின் பயனும் பக்கவிளைவும் ஒரே வேரில் கிளைத்தவை. விரைந்து பெருகும் அணுக்களை மருந்து தாக்குகிறது. மயிர்க்கால், வாய், குடல், எலும்பு மச்சை ஆகியவற்றின் அணுக்களும் விரைந்து பெருகுபவையே. அதனாலேயே மயிர் உதிர்தல், வாய்ப்புண், வாந்தி, சோர்வு ஆகியன தோன்றுகின்றன. வின்கிறிஸ்டின் போன்ற சில மருந்துகள் நரம்பையும் தொடுவதால் விரல்கள் மரக்கின்றன.

இவற்றை அடக்கவும் மருத்துவம் கற்றுக்கொண்டது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின் கொடிய வாந்தியை விளைத்தது. 1991இல் வந்த ஒன்டன்செற்றன் அவ்வாந்தியைப் பெரிதும் தணித்தது. சிகிச்சை முடிந்தபின் மயிர் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். விரல் மரத்தலை மருத்துவரிடம் கூறினால் மருந்தின் அளவை அவர் மாற்றக்கூடும். பலருக்கு அது மாதக்கணக்கில் தணியும், சிலருக்கு ஓரளவு எஞ்சும். மரத்த காலோடு வெறுங்காலாய் மலையில் நடத்தலாகாது. காயம் பட்டாலும் தெரியாது.

ஒன்றை மட்டும் மறவாதீர். வெள்ளணு குறைந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் விடியும்வரை லயத்திற் காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அந்தக் காய்ச்சல் உயிரைக் கவரவல்லது.

அந்தத் தாய் நெடுநேரம் விரல்களைப் பார்த்திருந்தார். "அப்படியானால் இதை டாக்டரிடம் சொல்லலாமா, ஐயா?" என்று கேட்டார். சொல்லவே வேண்டும் என்றேன். மறுவாரம் மூன்றாம் முறை மருந்துக்காக மகரகமவுக்குப் பஸ் ஏறினார்.