ட்ரெயின் 18: சோதனை வேகமும் ஓட்ட வேகமும்

ட்ரெயின் 18 என்பது சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) 2018-ல் உருவாக்கிய, தனி எஞ்சின் இல்லாத மின்சார ரயில். இன்றைய வந்தே பாரத் ரயில்களுக்கு இதுதான் முன்னோடி. மணிக்கு 180 கி.மீ. வேகத்தைத் தொட்ட இந்த வண்டி பயணிகளோடு ஓடத் தொடங்கியது 130 கி.மீ.யில்தான். இந்திய ரயில் வேகத்தின் கதை பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

இடைவெளிக்குக் காரணம் வண்டியல்ல, தண்டவாளம். உலக அனுபவமும் அதுவே. பெர்லினுக்குத் தெற்கே மரியன்ஃபெல்டே–சோசன் ராணுவப் பாதையில் 1901-ல் மின்சார ரயிலை 160 கி.மீ.க்கு விரட்டியபோது பாதை தாங்கவில்லை. பலப்படுத்திய பிறகே 1903-ல் 210 கி.மீ. எட்டினார்கள். 1955 மார்ச்சில் பிரான்ஸ் 331 கி.மீ. சாதனை படைத்தபோது, வண்டி கடந்துபோன இடத்தில் தண்டவாளமே வளைந்து நெளிந்து கிடந்தது. ஜப்பான்காரர்கள் சாதனைக் கணக்கைப் பின்னுக்குத் தள்ளி, புல்லட் ரயிலுக்கென்றே புதுப்பாதை போட்டு 1964 அக்டோபர் 1-ல் ஓடவிட்டார்கள். அதுதான் புத்திசாலித்தனம் என்று பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சக்கரத்தில் ஓடும் ரயிலின் சாதனை இப்போது பிரான்ஸின் 574.8 கி.மீ. (2007). காந்த விசையில் மிதந்து ஓடும் ஜப்பானிய ரயில் 2015-ல் 603 கி.மீ.யைத் தொட்டது.

இந்தியாவின் ஏற்றம் நிதானமானது. 1969 மார்ச் 1-ல் புறப்பட்ட ஹவுரா ராஜதானி 120 கி.மீ.; போபால் சதாப்தி 150; 2016-ல் வந்த கதிமான் 160. அதே ஆண்டு ஜூலையில் ஸ்பெயினின் டால்கோ ரயிலைக் கொண்டுவந்து மதுரா–பல்வல் இடையே 180-ல் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி ஊர் திரும்பிவிட்டது.

அந்த வேகத்தை உள்ளூரிலேயே எட்ட முனைந்தவர் அப்போதைய ஐ.சி.எஃப். பொது மேலாளர் சுதான்ஷு மணி. பதினெட்டே மாதங்களில், சுமார் 100 கோடி ரூபாயில், 16 பெட்டிகள் தயாராயின. முன்னால் ஒரு எஞ்சின் இழுப்பதற்குப் பதிலாக, ஒன்று விட்டு ஒரு பெட்டியின் அடியில் மோட்டார்கள் பொருத்தப்பட்டன. இழுவிசை இப்படிப் பகிரப்படுவதால் வண்டி நின்ற இடத்திலிருந்து சீக்கிரம் வேகம் பிடிக்கிறது. நிறுத்தம் அதிகமுள்ள பாதைக்கு, உச்ச வேகத்தைவிட இதுவே பெரிய லாபம். 2018 டிசம்பர் தொடக்கத்தில் கோட்டா–சவாய் மாதோபூர் இடையே அது 180 கி.மீ.யைத் தொட்டது. இத்தகைய சோதனைகளில் பயணிகளின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான லக்னோ ஆர்.டி.எஸ்.ஓ.வின் பொறியாளர்கள் பெட்டியின் ஆட்டத்தையும் பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரத்தையும் அளப்பார்கள். 2022 ஆகஸ்டில் இரண்டாம் தலைமுறை வந்தே பாரத் வண்டியைச் சோதனைக்கு ஓட்டியபோது, தளும்பாத தண்ணீர் டம்ளர் ஒன்றின் வீடியோதான் நாடெங்கும் பரவியது. பொறியாளரின் அட்டவணைகளை யார் பார்க்கப் போகிறார்கள்!

ட்ரெயின் 18, வந்தே பாரத் என்ற பெயரில், 2019 பிப்ரவரி 15-ல் டெல்லி–வாரணாசி சேவையைத் தொடங்கியது. கோவைக்கு வந்தே பாரத் வந்தது 2023 ஏப்ரல் 8-ல். சென்னையிலிருந்து சுமார் 495 கி.மீ. தூரத்தை ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு கடந்தது. சராசரி 85 கி.மீ. வளைவுகளும், சேலம், ஈரோடு, திருப்பூர் நிறுத்தங்களும், முன்னால் போகும் மற்ற வண்டிகளும் சேர்ந்து வேகத்தைக் குறைக்கின்றன. நாடு முழுவதும் வந்தே பாரத்தின் சராசரி வேகம் 2020-21-ல் இருந்த 84.48 கி.மீ.யிலிருந்து 2023-24-ல் 76.25 ஆக இறங்கியது. பல இடங்களில் பாதைப் பணி நடப்பதே காரணம் என்றது ரயில்வே.

வேகத்துக்குப் பாதையே எல்லை என்பது கிளைப்பாதையில் இன்னும் தெளிவு. கோவையிலிருந்து துடியலூர் வழியாக மேட்டுப்பாளையம் போகும் கிளைப்பாதை 1873-ல் திறந்தது. மின்மயமாகிவிட்டாலும் இன்றும் அது ஒற்றைப் பாதைதான். எதிர் வண்டிக்கு வழிவிட ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும். துடியலூர்க்காரர் வந்தே பாரத் ஏற கோவை ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும். இதே பாதையின் மறுமுனையில், 46 கி.மீ. தூரத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறும் ஊட்டி மலை ரயில் நிற்கிறது. பல் வைத்த தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு 12-க்கு 1 சரிவில் ஏறும் அந்த வண்டியிடம் வேகம் கேட்பது நியாயமில்லை.

வேகத்துக்கான தேடலோ நிற்கவில்லை. காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் வண்டியை ஓட்டும் ஹைப்பர்லூப் முறைக்காக, சென்னை ஐ.ஐ.டி. மாணவர்களின் ஆவிஷ்கார் குழு தையூரில் 400 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சோதனைக் குழாயை அமைத்திருக்கிறது. ஐ.சி.எஃப். தன் பங்குக்கு, 280 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கும் இரண்டு ரயில்களுக்கான 866.87 கோடி ரூபாய் ஆர்டரை 2024 அக்டோபரில் பெங்களூரு பெமல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவை மும்பை–அகமதாபாத் இடையே புதிதாகக் கட்டப்படும் 508 கி.மீ. தனிப்பாதைக்கானவை.