அமுல் சிறுமி

அமுல் சிறுமி என்பது குசராத்தின் ஆனந்த் நகரில் தோன்றிய அமுல் பால் கூட்டுறவு நிறுவனத்தின் வெண்ணெய் விளம்பரங்களில் இடம்பெறும் கேலிச்சித்திர உருவமாகும். ஒரு நிறுவனத்தையோ பொருளையோ நினைவூட்டுவதற்காகப் படைக்கப்படும் இத்தகைய உருவம் நற்சின்னம் எனப்படும். நீல நிற முடியும் சிவப்புப் புள்ளிகள் இட்ட வெள்ளைச் சட்டையும் இச்சிறுமியின் அடையாளங்கள். இந்திய உணவுப்பொருள் நற்சின்னங்களுள் மிக நீண்ட காலமாக வழங்கிவருவனவற்றில் இதுவும் ஒன்று.

தோற்றம்

அமுல் வெண்ணெய் சந்தைக்கு வந்தபோது மும்பையில் போல்சன் வெண்ணெய் நன்கு வேரூன்றியிருந்தது. போல்சன் விளம்பரங்களிலும் ஒரு சிறுமியின் உருவம் இருந்தது. அதற்கு மாற்றாக ஒரு குறும்புக்காரச் சிறுமியை உருவாக்கும் பணி, 1966இல் சில்வெசுட்டர் டகூனா பணியாற்றிய விளம்பர நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஓவியர் யூசுட்டசு பெர்னாண்டசு உருவத்தை வரைந்தார். "அட்டர்லி பட்டர்லி டெலிசியசு" என்ற முழக்கம் டகூனாவின் மனைவி நிசாவின் பங்களிப்பு. இலக்கணத்துக்கு ஒவ்வாத ஆங்கிலம்தான். ஆயினும் அதுவே நிலைத்துவிட்டது.

உருவத்தின் எளிமைக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அக்காலத்தில் தெருவோர விளம்பரப் பலகைகள் கையால் வரையப்பட்டன. பலகைகளை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருந்தது. எனவே எந்தப் பலகை ஓவியரும் விரைவாக வரையக்கூடிய உருவம் தேவைப்பட்டது. சில கோடுகளும் தட்டையான நிறங்களும் கொண்ட இச்சிறுமி அத்தேவைக்குப் பொருந்தினாள்.

நாட்டு நடப்பும் எதிர்ப்புகளும்

தொடக்கத்தில் வெண்ணெயை மட்டும் பேசிய விளம்பரங்கள், பின்னர் அரசியல், துடுப்பாட்டம், திரைப்படம் என அன்றாடச் செய்திகளைச் சிலேடையாகக் கேலி செய்யத் தொடங்கின. இதற்கு வழிவிட்டவர் வர்கீசு குரியன். இவர் சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். விளம்பரங்களை முன்கூட்டியே தம் ஒப்புதலுக்கு அனுப்பத் தேவையில்லை என அவர் விட்டுவிட்டார். ஒப்புதலுக்காகக் காத்திருந்தால் செய்தி பழையதாகிவிடும் என்பதை நோக்க, இந்த உரிமையே சிறுமியின் நீண்ட வாழ்வுக்கு முதற்காரணம் எனலாம்.

நெருக்கடிநிலை நடப்பில் இருந்த 1976இல், செவிலியர் உடையில் வெண்ணெய்த் தட்டுடன் சிறுமி தோன்றினாள். கருத்தடை, கிருமிநீக்கம் ஆகிய இரண்டையும் குறிக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கொண்டு, "கட்டாயமாக" அதைத் தாங்கள் எப்போதும் செய்துவருவதாக அவ்விளம்பரம் கூறியது. செய்தித்தாள்களே தணிக்கைக்கு உட்பட்டிருந்த காலம் அது. 2001இல் இந்தியன் ஏர்லைன்சு வேலைநிறுத்தத்தைக் கேலி செய்தபோது, விமானங்களில் அமுல் வெண்ணெய் வழங்குவதை நிறுத்திவிடுவதாக அந்நிறுவனம் எச்சரித்தது.

துரித உணவகங்களின் நற்சின்னங்கள்

அமெரிக்கத் துரித உணவகங்களின் நற்சின்னங்கள் வேறு வழியில் பிறந்தவை. மெக்டொனால்ட்சின் கோமாளி உரொனால்டு, 1963இல் வாசிங்டன் நகரத் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றியது. முன்னர் போசோ என்னும் கோமாளியாகக் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய வில்லார்டு இசுக்காட்டு முதலில் இவ்வேடம் ஏற்றார். குழந்தைகளையே குறிவைப்பதால் இக்கோமாளியை விலக்க வேண்டும் என 2010இல் ஓர் அமெரிக்க அமைப்பு கோரியது, நிறுவனம் மறுத்துவிட்டது. கேஎப்சியின் தாடிக்காரர் கற்பனை உருவம் அல்லர். கென்டக்கியில் கோழி வறுத்து விற்ற ஆர்லாந்து சாண்டர்சு (1890–1980) என்பவரே அவர். "கர்னல்" என்பது படைப்பதவியன்று. அம்மாநில ஆளுநர் அளித்த மதிப்புப் பட்டம்.

ஊர்ப் பெயரே அடையாளமாதல்

எல்லா உணவுக்கும் நற்சின்னம் வேண்டும் என்பதில்லை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூன், ஊர்ப் பெயராலேயே அறியப்படுகிறது. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்த்துக்கேயர் இருந்த காலத்துடன் இதனைத் தொடர்புபடுத்திக் கூறுவர். பல அடுமனைகள் இதைச் செய்கின்றன. எனவே இது எந்த ஒரு நிறுவனத்தின் உடைமையும் அன்று. திருநெல்வேலி அல்வாவும் இத்தகையதே. ஒரே மாதிரியான பொருளைப் பல நிறுவனங்கள் விற்கும் வெண்ணெய்ச் சந்தையிலோ வாங்குபவர் நினைவில் நிற்க ஒரு முகம் தேவைப்பட்டது.

பிந்தைய காலம்

பெர்னாண்டசு 2010இலும், குரியன் 2012இலும், டகூனா 2023 சூன் மாதத்திலும் காலமாயினர். டகூனாவின் மகன் இராகுல் டகூனா விளம்பரப் பணியைத் தொடர்ந்தார். கையால் வரைந்த பலகைகளின் இடத்தில் அச்சிட்ட பதாகைகள் வந்த பின்னரும் சிறுமியின் உருவம் பெரிதும் மாற்றப்படவில்லை.