எடைக்குப் போடும் முன் விளிம்பைப் பாருங்கள்

அப்பா வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று யோசிக்கிறீர்களா? முன்பக்கத் துணியைக் கழற்றி, காகிதக் கூம்பின் விளிம்பைப் பாருங்கள்.

1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெல்லாக் இருவரும் இன்றைய கூம்பு ஸ்பீக்கருக்கு வழி வகுத்தார்கள். கூம்பு அசைய விளிம்பு இளக்கமாக இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்பீக்கர்கள் சிலவற்றில் அது மெல்லிய தோல். பதனிட்ட தோல் எத்தனை காலம் உழைக்கும் என்று வாணியம்பாடிப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

எழுபதுகளில் ஃபோம் விளிம்பு பரவியது. நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் அது பொடியாக உதிர்ந்துவிடும். பாட்டு கரகரத்ததும் ஸ்பீக்கரே போய்விட்டது என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் போனது விளிம்பு மட்டும்தான். கூம்பும் காந்தமும் நன்றாகவே இருக்கும். புது விளிம்பு ஒட்டினால் போதும்.

கூம்பு கிழிந்து, காயிலும் கருகியிருந்தால் செலவு ஏறும். அப்போது விற்பதே மேல். செல்போன் பாட்டு கேட்க வேண்டுமா? புளூடூத் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஒன்றைத் தனியாக வாங்கி இணையுங்கள். அதற்காகப் பழைய மரப்பெட்டியில் ஓட்டை போடாதீர்கள். விலையும் போகும், ஓசையும் போகும். இடமில்லை என்றால், பழைய சாமான்காரரைக் கூப்பிடும் முன் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.